கைமாறும் செங்கோல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நகரமும் அதன் சின்னங்களும்’ என்னும் பொருளில் பேச என்னைப் பணித்தார்கள். மதுரையைப் பற்றி மதுரையிலேயே பேசுவது எளிதன்று. இங்கே அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் இந்நகரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வல்லவர்கள். ஆகவே எல்லாவற்றையும் தொடாமல் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு கோல். மதுரையின் செங்கோல். அது எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, யார் கையில் இருக்கலாம் என்னும் மூன்று கேள்விகளே இவ்வுரையின் எல்லை.

நகர மன்றமும் வெள்ளித் தண்டமும்

இங்கிலாந்து நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றில் நகர மன்றக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கே வருவோர்க்குப் பெருமையுடன் காட்டப்படுபவை பெரும்பாலும் மூன்று. அரசர் அந்நகருக்கு வழங்கிய உரிமைப் பட்டயம் ஒன்று. நகரத் தலைவரான மேயர் கழுத்தில் அணியும் பொற்சங்கிலி மற்றொன்று. அவருக்கு முன்னே பணியாளர் ஏந்திச் செல்லும் தண்டம் மூன்றாவது. இத்தண்டம் தொடக்கத்தில் போர்க்களத்தில் தலையை உடைக்கும் ஆயுதமாக இருந்தது. பின்னர் அது வெள்ளியும் பொன்முலாமும் பூசிக்கொண்டு அதிகாரத்தின் அடையாளமாயிற்று. இன்றும் இலண்டனில் மக்களவையின் மேசைமேல் அத்தண்டம் வைக்கப்பட்டால்தான் அவை முறைப்படி கூடியதாகப் பொருள். தண்டம் இல்லையேல் அவை இல்லை.

அந்த மரபு நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாளிட்ட பட்டயத்தின்படி சென்னை மாநகராட்சி அமைந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று அது செயல்படத் தொடங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் என்பார் முதல் மேயர். செந்நிற அங்கியும் வெள்ளித் தண்டமும் அன்றே வந்துவிட்டன. இன்று தமிழகத்து மாநகராட்சிகளில் மேயர் பொறுப்பேற்கும்போது அங்கியும் சங்கிலியும் அணிவித்துக் கையில் செங்கோல் கொடுக்கும் காட்சியை நாளிதழ்களில் காண்கிறோம். அங்கியும் சங்கிலியும் ஆங்கிலேயர் வழி வந்தவை என்பது வெளிப்படை. ஆனால் அந்தக் கோலுக்குச் ‘செங்கோல்’ என்று பெயர் வைத்தபோது நாம் ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் செய்யவில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பொருளை அதன்மேல் ஏற்றிவைத்தோம்.

மதுரை 1866இல் நகராட்சி ஆயிற்று. 1971 மே முதல் நாள் மாநகராட்சியாக உயர்ந்தது. தல்லாகுளத்தில் உள்ள அறிஞர் அண்ணா மாளிகை அதன் இருப்பிடம். சட்டப்படி பார்த்தால் அதுவே மதுரையின் நகர மன்றம். ஆயினும் இந்நகரின் நினைவில் நிற்கும் மன்றம் வேறொன்று. அது தெற்கே, நம் எல்லாருக்கும் ‘மகால்’ என்ற ஒரு சொல்லிலேயே விளங்கும் இடம்.

சொர்க்க விலாசத்தில் ஒரு நாள்

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றியவர். 1636இல் எழுந்ததாகச் சொல்லப்படும் அவருடைய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அந்தக் கால்பங்கின் நடுவே குவிமாடம் கவிந்த சொர்க்க விலாசம் நிற்கிறது. அரியணை இருந்த இடம் அது.

அந்த அரியணையைப் பற்றி நாயக்கர் கால வரலாற்றுச் சுவடிகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன. செங்கோல் திருவிழா நாளில் நாயக்கர் கோயிலுக்குச் சென்று மீனாட்சியம்மையின் திருமுன்னர்ச் செங்கோலைப் பெற்றுக்கொள்வார். அதனை ஊர்வலமாக அரண்மனைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே அரியணையில் அமர்வது யார்? மன்னரல்லர். செங்கோல்தான் அரியணையில் வைக்கப்படும். அதற்கு அன்றைய வழிபாடு நடக்கும். பின்னர் அது கோயிலுக்கே திரும்பிவிடும்.

இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தென்னாட்டின் பெரும்பகுதியை ஆண்ட ஒருவர், தம் அரண்மனையில் தம் அரியணைக்கு முன்னே, தாமே ஒரு கோலை வணங்கி நிற்கிறார். ‘இந்த இருக்கை என்னுடையதன்று, இதன்மேல் இருக்கும் உரிமை எனக்கு இரவலாக வந்தது’ என்று ஊரறியச் சொல்வதற்கு அதைவிட வேறு சடங்கு வேண்டியதில்லை. அரசியல் சூழ்ச்சி என்று ஒருவர் இதனை விளக்கலாம். விசயநகரப் பேரரசின் படைத்தலைவராக இங்கு வந்த மரபினர், பாண்டியர் ஆண்ட மண்ணில் தம் ஆட்சிக்கு ஓர் ஒப்புதலைத் தேடினார்கள். அந்த ஒப்புதலைப் பாண்டியன் மகளாகப் போற்றப்படும் தெய்வத்திடமிருந்தே பெற்றார்கள் என்று சொல்லலாம். அவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒப்புதல் வேண்டும் என்று ஓர் அரசு உணர்வதே நல்லதன்றோ? அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று உணர்வது அதைவிட நல்லதன்றோ?

அரண்மனை பின்னர்ப் பட்ட பாடு நாமறிந்ததே. அவர் பேரனான சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகர் மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது. அரண்மனையின் பகுதிகள் பெயர்க்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இடிபாடுகளைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்யாவிட்டால் இன்று எஞ்சியதும் இராது. அதன்பின் அங்கே மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் இயங்கியது. செங்கோல் அமர்ந்த மண்டபத்தில் நீதிபதி அமர்ந்தார். பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக அங்கு ஒலி-ஒளிக் காட்சி அமைக்கப்பட்டபோது, அதில் திருமலை மன்னரின் வரலாற்றோடு சிலப்பதிகாரக் கதையும் இடம்பெற்றது. வழக்குத் தோற்ற பாண்டியனின் கதை வழக்கு நடந்த மண்டபத்திலேயே ஒலித்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் மிகப் பொருத்தமான செயல்.

வளைந்த கோல், பொன்னாலான கை

செம்மையான கோல், அதாவது வளையாத கோல், செங்கோல். வளைந்தால் கொடுங்கோல். கோலின் சிறப்பு அது பொன்னாலானதா, மணி பதித்ததா என்பதில் இல்லை. நேராக இருக்கிறதா என்பதில் இருக்கிறது. ஒரு பொருளின் பெயரிலேயே அதற்குரிய தேர்வையும் வைத்துவிட்ட மொழி நம்முடையது. திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தே கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். 55, 56 என்ற அந்த எண்களின் நெருக்கத்தைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றாக மாறுவதற்கு ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரமே போதும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இங்கிலாந்து நகர மன்றத்தில் வெள்ளித் தண்டம் கண்ணாடிப் பேழைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. அதனைத் திருடலாம், வளைக்க முடியாது. நம் இலக்கியத்துச் செங்கோலோ திருடப்படுவதில்லை; வளைகிறது. வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி கண்ட தீக்கனவில் குடையோடு கோலும் வீழ்கிறது. கண்ணகி காற்சிலம்பை உடைத்ததும் பாண்டியன் தன் கோல் தளர்ந்ததைத் தானே உணர்கிறான், உயிர் விடுகிறான். அச்செய்தியைச் சேர நாட்டில் கேட்ட செங்குட்டுவன், ஊழ்வினை வளைத்த கோலை அம்மன்னன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்னும் கருத்துப்படப் பேசுவதாக இளங்கோவடிகள் காட்சிக் காதையில் அமைத்தார். பாண்டியனைப் பகையரசன் ஒருவன் போற்றும் இடம் அது. வென்ற போர்களுக்காக அன்று. தோற்ற ஒரு வழக்கில் தோல்வியை ஒப்புக்கொண்டதற்காக.

மதுரையின் இன்னொரு பொற்பொருளும் இங்கே நினைவுக்கு வருகிறது. கீரந்தை என்னும் அந்தணன் வீட்டுக் கதவை இரவில் தட்டிவிட்ட பாண்டியன், அவ்வீட்டுப் பெண்மீது ஐயம் விழாதிருக்கத் தெருவிலிருந்த எல்லாக் கதவுகளையும் தட்டிச் சென்றான். மறுநாள் அவையில் முறையிட்டார்கள். தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கை பொருத்திக்கொண்டான். பொற்கைப் பாண்டியன் என்று பெயர் பெற்றான். எந்த நாட்டு அரசனுக்கும் முடி இருக்கும், மாலை இருக்கும், வாள் இருக்கும். தான் தனக்கு விதித்த தண்டனையைப் பொன்னால் செய்து அணிந்துகொண்ட அரசனை மதுரைதான் தன் நினைவில் வைத்திருக்கிறது. இது வரலாறா, கதையா என்று ஆராய்வது ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் கதையை ஓர் ஊர் திரும்பத் திரும்பச் சொல்கிறதோ அதுவே அவ்வூரின் பட்டயம்.

எட்டாம் நாள் இரவு

இனிக் கோயிலுக்கு வருவோம். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிடேகம். அம்மன் சந்நிதியில் உள்ள ஆறுகால் பீடத்தில் அம்மைக்கு இராயர் கிரீடம் சூட்டுவார்கள். பாண்டியர்க்குரிய வேப்பம்பூ மாலை சாத்துவார்கள். மணிகள் இழைத்த செங்கோலைக் கையில் அளிப்பார்கள். பின்னர் அச்செங்கோலைக் கோயில் நிருவாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அம்மையிடமிருந்து பெற்றுக்கொண்டு, அதனை ஏந்திப் பிரகாரத்தை வலம் வந்து, மீண்டும் அம்மையிடமே ஒப்படைப்பார். அன்று நாயக்கர் செய்ததை இன்று அவர் செய்கிறார்.

சித்திரை தொடங்கி ஆவணி வரை நான்கு மாதங்கள் மதுரையில் அம்மையின் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிடேகம். அதன்பின் அடுத்த சித்திரை வரை அவருடைய ஆட்சி. தெய்வங்களுக்கே இங்கே ஆட்சிக்காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும் என்னும் ஆட்சி மதுரையில் கடவுளுக்கும் இல்லை. மனிதர் கையில் செங்கோல் இருப்பதோ ஒரு பிரகாரத்தைச் சுற்றிவரும் நேரம் மட்டுமே.

2024ஆம் ஆண்டில் இந்த எட்டாம் நாள் ஏப்ரல் 19இல் வந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடந்த நாளும் அதுவே. பகலில் மக்கள் தம் விரலில் மை இட்டுக்கொண்டு வந்தார்கள். இரவில் அதே மக்களுள் பலர் அம்மைக்கு முடிசூட்டுவதைக் கண்டார்கள். 2019இலும் ஏறக்குறைய இதே நிலை. அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் அமைந்ததால் மதுரையில் மட்டும் இரவு எட்டு மணி வரை வாக்களிக்க நேரம் நீட்டிக்கப்பட்டது. இரண்டு முடிசூட்டும் ஒரே நாளில் நடக்கும் நகரம் இது. இரண்டிலும் ஒரே செய்திதான்: கொடுக்கப்படுவது திரும்பப் பெறப்படும்.

யார் கையில்?

அந்த 2024ஆம் ஆண்டின் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னர் ஒரு வழக்கு எழுந்தது. அப்போது கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவராக ஓர் அம்மையார் இருந்தார். கணவரை இழந்தவர். கணவரை இழந்த பெண் செங்கோலைப் பெறுவது ஆகம விதிக்கு முரண் என்றும், வேறொருவரிடம் அதனை வழங்க வேண்டும் என்றும் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு அளிக்கப்பட்டது. நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது.

சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. இலக்கியம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் சொல்ல வேண்டிய விடை ஒன்றும் இருக்கிறது. அவ்விடை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் உள்ள ஊஞ்சல் மண்டபத்துக்குச் சென்று தலையை உயர்த்தி விதானத்தைப் பாருங்கள். நாயக்கர் கால ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு பகுதியில் அம்மையின் திருமணம். மற்றொன்றில் ஒரு பெண் அம்மையின் செங்கோலைப் பெறுகிறார். அவர் இராணி மங்கம்மாள். பேரன் விசயரங்க சொக்கநாதரின் உருவமும் அவ்வோவியங்களில் உண்டு.

மங்கம்மாள் யார்? சொக்கநாத நாயக்கரின் மனைவி. சொக்கநாதர் 1682இல் மறைந்தார். மகன் அரங்ககிருட்டிண முத்துவீரப்பர் ஆட்சிக்கு வந்து 1689இல் அம்மை நோயால் மாண்டார். மகனுக்குப் பின் பிறந்த பேரன் கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரால், ஏறத்தாழ 16 ஆண்டுகள், மங்கம்மாள் ஆட்சி புரிந்தார். வழிப்போக்கர்க்குச் சத்திரங்களும் சாலைகளும் அமைத்தவர் என்று நாட்டு மக்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள சத்திரம் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய கோடை மாளிகையாக இருந்த தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இயங்குகிறது. காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த வேட்டி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

செங்கோல் பெற்ற நாளில் மங்கம்மாள் கணவரை இழந்தவர். மகனையும் இழந்தவர். அவர் செங்கோல் பெறுவதை மறைவில் செய்யவில்லை. கோயிலின் விதானத்தில், எல்லாரும் காணும் இடத்தில், தீட்டி வைத்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் செங்கோல் ஒரு கைம்பெண்ணின் கையில் இருக்கிறது. அதன் கீழே அமர்ந்துதான் நம் பாட்டிமார் வெள்ளிக்கிழமை தோறும் ஊஞ்சல் பாட்டுக் கேட்டார்கள். மரபு எது என்று கேட்போர்க்கு அந்த விதானமே மறுமொழி.

இதற்கு எதிராக ஒருவர் புராணத்திலிருந்தே ஒன்றைக் காட்டலாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தடாதகைப் பிராட்டியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்புகிறாள். கணவன் கையையோ, புதல்வன் கையையோ, ஆன்கன்றின் வாலையோ பற்றித்தான் நீராட வேண்டும் என்று விதி சொல்கிறார்கள். கணவன் மலயத்துவசன் மறைந்துவிட்டான், புதல்வனோ இல்லை. அவள் துயரைப் போக்க இறைவன் மலயத்துவசனை விண்ணுலகிலிருந்து அழைத்து வருகிறான். அதற்கு முன் ஏழு கடலையும் அவளுக்காக ஓரிடத்தில் வரவழைத்தான். அந்த இடத்தின் பெயரை இன்றும் ஏழுகடல் தெரு என்கிறோம். ஆக, கணவனில்லாத பெண்ணுக்குத் தனித்து உரிமையில்லை என்னும் எண்ணம் நம் மரபில் இருந்தது உண்மை. அதனை மறைப்பதால் பயனில்லை.

ஆனால் அதே புராணத்தைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். ஆண்மகவு வேண்டி வேள்வி செய்த மலயத்துவசனுக்குப் பெண் பிறக்கிறாள். அவளை ஆண்மகனுக்குரிய கலைகளெல்லாம் பயிற்றி அவளுக்கே முடிசூட்டுகிறான். மதுரையின் முதல் செங்கோல் கதையே ஒரு மகள் செங்கோல் பெற்ற கதை. அவள் திருமணமாகி அரசியானவள் அல்லள். அரசியாகிப் பின் திருமணம் புரிந்தவள். எட்டாம் நாள் முடிசூட்டு. பத்தாம் நாள் திருக்கல்யாணம். திருவிழாவின் நிரல்முறையே இதனைச் சொல்கிறதே! மரபு என்பது ஒரே குரலில் பேசுவதில்லை. இரண்டு குரல்கள் இருக்கும்போது எதனைக் கேட்பது என்பதில் நம் நேர்மை வெளிப்படுகிறது.

வைக்கப்பட்ட கோலும் திரும்பிய கோலும்

அண்மைக் காலத்தில் மற்றொரு செங்கோலைப் பற்றிப் பெரிதும் பேசப்பட்டது. 1947 ஆகஸ்டு 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேரு அவர்களிடம் அளிக்கப்பட்ட பொன்முலாம் பூசிய செங்கோல் அது. சென்னை உம்மிடி பங்காரு செட்டியார் நிறுவனத்தார் செய்தது. உச்சியில் நந்தி அமர்ந்திருப்பது. பல்லாண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் அவைத் தலைவரின் இருக்கையருகே நிறுவப்பட்டது. அது ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வமான அடையாளமா, வாழ்த்தாக வழங்கிய பரிசா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். அவ்வாதத்துள் நான் புகவில்லை. தமிழ் மண்ணின் ஒரு சொல் நாட்டின் நாவில் ஏறியது கண்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருத்தி.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மதுரைச் செங்கோலின் பொருள் அதனை நிறுவி வைப்பதில் இல்லை. திருப்பிக் கொடுப்பதில் இருக்கிறது. ஒரு கோல் ஓரிடத்தில் நிலையாக நின்றுவிட்டால் அது பொருட்காட்சிப் பொருளாகிவிடும். யாரிடமிருந்து வந்தது, யாரிடம் திரும்பும் என்னும் இரண்டும் தெரிந்திருக்கும் வரைதான் அது செங்கோல். மக்களாட்சியில் அது மக்களிடமிருந்து வருகிறது. மக்களிடமே திரும்ப வேண்டும். இலண்டனின் தண்டம் அவை கூடும்போது வருகிறது. அவை கலைந்ததும் எடுத்துச் செல்லப்படுகிறது. அந்த ஒழுங்கும் இதைத்தான் சொல்கிறது.

கவிஞர்களுக்குரிய இருக்கை

கவிஞர்கள் நிறைந்த அவையில் அரசர்களைப் பற்றியே பேசி முடித்தல் முறையன்று. மதுரை கவிஞர்களுக்கென்றும் ஒரு சின்னத்தை வைத்திருக்கிறது. சங்கப் பலகை. திருவிளையாடற் புராணத்தில் அதற்குத் தனிப் படலமே உண்டு. தகுதியுடைய புலவர் வந்து அமர்ந்தால் அவர்க்கு இடம் தந்து விரியும் என்பது அதன் இயல்பு. உலகில் இருக்கைகளெல்லாம் ஒருவர் அமர்ந்ததும் மற்றவர்க்கு இடமில்லாமற் போகும். அமர்வோர் மிகுந்தால் தானும் விரியும் இருக்கையைக் கற்பனை செய்தவர்கள் மதுரைக்காரர்கள்.

குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது திருமலை நாயக்கர் கேட்டிருந்தார் என்பதும், அம்மை சிறுமியாக வந்து மன்னரின் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் இட்டாள் என்பதும் நாமெல்லாம் அறிந்த கதை. இங்கிலாந்து மேயரின் சங்கிலி ஒரு மேயரிடமிருந்து அடுத்த மேயருக்குப் போகும். மதுரையில் மன்னனின் மாலை கவிஞனுக்குப் போயிற்று. அதனை எடுத்துத் தந்தது ஒரு பெண் குழந்தையின் கை.

அன்பர்களே, இவற்றையெல்லாம் பழம்பெருமையாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நமக்குப் பயனில்லை. நம் வட்டத்துக்கு வயது பத்து. பத்தாண்டில் ஓர் அமைப்புக்குச் சில வழக்கங்கள் படிந்துவிடுகின்றன. தலைமையுரை இன்னாரே ஆற்றுவார், கவியரங்கில் முதலில் இன்னாரே பாடுவார், பெண்கள் வரவேற்புரையோ நன்றியுரையோ சொல்வார்கள் என்று ஒரு முறை தானே அமைந்துவிடுகிறது. யாரும் தீங்கு நினைத்துச் செய்வதன்று. கோல் ஒரே கையில் இருந்தால் அது மெல்ல அந்தக் கைக்கே உரியதுபோல் தோன்றத் தொடங்கும். அவ்வளவே.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, உறுப்பினர் அனைவரும் ஒரு நாள் ஒன்றாகச் சென்று ஊஞ்சல் மண்டபத்து விதானத்தைக் காண வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீயை மதுரை மறந்திருக்காது. கல்லுக்கே அந்த நிலை என்றால் சுண்ணத்தின்மேல் தீட்டிய வண்ணத்துக்கு என்ன உறுதி? கண்டவர்கள் எழுத வேண்டும். கவிதையாக, கட்டுரையாக, எவ்வகையிலேனும் பதிய வேண்டும். மங்கம்மாளின் கையில் இருக்கும் கோலை அடுத்த தலைமுறைக்குக் காட்டுவது அரசின் வேலை மட்டுமன்று.

இரண்டாவது, பதினோராம் ஆண்டிலிருந்து நம் வட்டத்தின் தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாற வேண்டும். மூத்தோர் தாமே முன்வந்து இளையவர் கையில் கொடுக்க வேண்டும். அவர்களுள் பெண்களும் இருக்க வேண்டும். வரவேற்புரைக்காக அன்று, தலைமையுரைக்காக. பெற்றவர் ஒரு சுற்று வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயிலில் ஒரு பிரகாரம். நமக்கு ஓர் ஆண்டு. அவ்வளவு போதும்.

செங்கோலைப் பிடித்திருப்பது பெருமையன்று. அது வளையாமல் வைத்திருப்பது கடமை. உரிய நேரத்தில் கைவிடுவது பண்பு. இந்தப் பண்பைச் சித்திரைதோறும் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும் ஊரில் நாம் வாழ்கிறோம். வரும் சித்திரைக்குள் நம் வட்டமும் அதனைச் செய்துகாட்டும் என்னும் நம்பிக்கையோடு அமைகின்றேன்.